மூணு நாளா குடிக்காத மனுஷன்

நான் வேலை பாக்குற மெடிக்கல் ஷாப் சென்னை வால்டாக்ஸ் ரோட்ல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல இருக்கு. டி.பார்ம் முடிச்சு இங்க வந்து 14 வருஷம் ஆச்சு. நைட்டு பத்தரைக்கு நாங்க ஷட்டர் இறக்குற நேரத்துக்குத்தான் எதிர்ல இருக்கிற லாரி புக்கிங் ஆபீஸ் வாசல்ல ஆளுங்க படுக்க வருவாங்க, அட்டைப்பெட்டிய பிரிச்சு விரிச்சு, செருப்ப தலைக்கு வெச்சு (தலைக்கு வெக்கலன்னா காலைல செருப்பு இருக்காது), கால்ல பைய கட்டிக்கிட்டு. மூட்டை தூக்குறவங்க, கல்யாணத்துக்கு கேட்டரிங் வேலைக்குப் போறவங்க, பேப்பர் பொறுக்குறவங்க, சென்ட்ரல்ல வந்து இறங்கி திரும்பிப் போகாதவங்க. எல்லாருக்கும் நான் "மெடிக்கல் அக்கா"தான்.

ஒருத்தர் மட்டும் என்னை தாயின்னு கூப்பிடுவார். சாத்தூர் பக்கத்துக்காரர், பரோட்டா மாஸ்டர். பேரு சொல்லல, மாஸ்டர்னே எழுதுறேன், நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், ஏன்னா எழுதினா நான் பண்ணினதையும் எழுதணும்.

பரோட்டா மாஸ்டர் வேலைன்னா என்னன்னு வெளில நின்னு சாப்பிடுறவங்களுக்கு தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்கு மாவு பிசைய ஆரம்பிச்சா ராத்திரி ஒரு மணி வரைக்கும் கல்லு முன்னாடியே நிக்கணும், முகம் சுடும், முதுகு ஃபேன் காத்துல சில்லுனு இருக்கும், தோள்பட்டை ரெண்டும் கழண்டு போற மாதிரி வலிக்கும். ஒரு மணிக்கு கடை கழுவி விட்டதும் அவ்ளோ சூடு ஏறின ஒடம்பு ஒடனே தூங்காது. அந்த நேரத்துக்கு டாஸ்மாக் மூடியிருக்கும், அதனால பிளாக்ல கூட காசு குடுத்து ஒரு குவாட்டர் வாங்கி வெச்சிருப்பாங்க. தங்குற எடம் ஹோட்டல் மாடியிலேயே, சாப்பாடு ஹோட்டல்லயே. அதாவது வேலை போச்சுன்னா அதே ராத்திரி வீடும் போச்சு, சோறும் போச்சு. மாஸ்டருக்கு அப்படித்தான் போச்சு, 2018 கடைசில. கை நடுங்க ஆரம்பிச்சுது, வீச்சு கிழிய ஆரம்பிச்சுது, மொதலாளி நாளைல இருந்து வராதன்னுட்டார். அதுக்கு அடுத்த நாள் ராத்திரி எங்க எதிர்ல அட்டை விரிச்சார்.

குடிச்சதால ரோட்டுக்கு வந்தாரா, ரோட்டுக்கு வந்ததால குடிச்சாரான்னு கேப்பாங்க. ரெண்டும்தான். ஆனா ரோட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் அந்த குடிக்கு வேற வேலை வந்துடுச்சு. பிளாட்ஃபாரத்துல தூங்கிப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும், தூக்கம்ங்கிறது அங்க கெடைக்கிற பொருள் இல்ல. கொசு, லாரி ரிவர்ஸ் ஹாரன், மூஞ்சி மேலயே அடிக்கிற எல்இடி லைட்டு, ரெண்டு மணிக்கு போலீஸ் லத்தியால தரைல தட்டி எழுப்புறது, நாலு மணிக்கு பைய அறுக்க வர்றவன், திடீர்னு மழை. நான் ஒரு தடவை மாஸ்டர்கிட்ட, இந்த குவாட்டர் காசுக்கு அம்மா உணவகத்துல நூறு இட்லி வாங்கலாமே அண்ணேன்னு சொன்னேன், ஒரு இட்லி ஒரு ரூபாதான அங்க. அவர் கோவப்படல. "இட்லி தூக்கத்தக் குடுக்காது தாயி"ன்னார்.

குடி தர்றதும் நல்ல தூக்கம் இல்ல, பாதி ராத்திரில முழிப்பு வந்துடும், அது எனக்கு தெரியும். ஆனா பன்னெண்டு மணில இருந்து மூணு மணி வரைக்குமாச்சும் தலைக்குள்ள ஓடுறது நிக்குதே. வாரக்கணக்கா சரியா தூங்காத எந்த மனுஷனுக்கும் மனசு கொழம்பும். ஏற்கனவே மனசு சரியில்லாதவங்களுக்கு அது இன்னும் ஏறும், ஏறினா இன்னும் குடிப்பாங்க, குடிச்சா இன்னும் கெடும். கூட படுக்கிறவர் ஒருத்தருக்கு காதுல குரல் கேக்கும், ரெண்டு பேர் அவரைப் பத்தியே பேசிட்டு இருப்பாங்களாம், ஒரு கட்டிங் போட்டா அவனுங்க சத்தம் கம்மியாகுதுக்கான்னு என்கிட்ட சொன்னார். இன்னொருத்தரோட பாதி பாட்டில் பங்கு போடுற கட்டிங்குதான் அவருக்கு மருந்து. சரியான மருந்து இருக்கு, அரசு ஆஸ்பத்திரில இலவசமாவே குடுக்குறாங்க, ஆனா அதுக்கு காலைல போய் ஓபி சீட்டு போட்டு வரிசைல உக்காரணும், அந்த நேரத்துல லோடு எறக்குற வேலை போயிடும்.

இப்ப 2020க்கு வர்றேன். மார்ச் 24, செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தோட டாஸ்மாக் மூடினாங்க, அன்னிக்கு ராத்திரில இருந்து நாடு முழுக்க லாக்டவுன். மெடிக்கல் ஷாப் மட்டும் திறந்திருந்தோம். ரோட்ல ஒரு சத்தம் இல்ல, சென்ட்ரல்ல ரயில் இல்ல, லாரி இல்ல, எனக்கு அந்த அமைதி பயமா இருந்துச்சு. புதன்கிழமை சாயங்காலம் மாஸ்டர் கவுன்டர் முன்னாடி வந்து நின்னார். வேர்த்து ஊத்துது, ரெண்டு கையும் நடுங்குது, டம்ளர் குடுத்தா தண்ணி பாதி கீழ. "ஒரே ஒரு தூக்க மாத்திரை குடு தாயி"ன்னு கேட்டார்.

நான் குடுக்கல. அல்பிரசோலம், டயஸிபம், நைட்ரஸிபம் எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம தரக்கூடாது, தனி ரிஜிஸ்டர்ல நோயாளி பேரு, டாக்டர் பேரு, எத்தனை மாத்திரைன்னு எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். சட்டம் சரியான சட்டம், அந்த மாத்திரைய வாங்கி அழிஞ்சு போனவங்கள நான் பாத்திருக்கேன். குடுக்காதது என் தப்பு இல்ல. என் தப்பு அதுக்கு அப்புறம் நான் சொன்னது. "நல்லதுதான் அண்ணே, இந்த சாக்குல விட்டுடுங்க, ரெண்டு நாள் பல்ல கடிச்சுட்டு இருந்தா சரியாயிடும்"னு சிரிச்சுட்டே சொன்னேன். அவரும் தலைய ஆட்டிட்டு போனார்.

நான் படிச்சவ. வருஷக்கணக்கா தெனமும் குடிக்கிற ஒடம்பு திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்னு பரிட்சைல எழுதி பாஸ் பண்ணவ. கடைசியா குடிச்ச ஆறாவது மணி நேரத்துல இருந்தே நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆரம்பிக்கும். ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டுல இருந்து மூணு நாளுக்குள்ள டெலிரியம் ட்ரெமன்ஸ்னு ஒன்னு வரலாம், எங்க இருக்கோம் என்ன கிழமைன்னே தெரியாம போயிடும், இல்லாததெல்லாம் கண்ணுக்கு தெரியும், காய்ச்சல் அடிக்கும், விட்டா உசுரே போயிடும். கஞ்சாவ நிறுத்தினா யாரும் சாகறது இல்ல, குடிய சட்டுனு நிறுத்தினா சாகலாம். அதனாலதான் ஆஸ்பத்திரில லிப்ரியம், லோரஸிபம் மாதிரி மாத்திரை குடுத்து நாளுக்கு நாள் அளவ கொறச்சு நிறுத்துவாங்க. மாஸ்டர் என்கிட்ட கேட்ட மாத்திரை அந்த குடும்பம்தான். ஒடம்புக்கு என்ன வேணும்னு ஒடம்பே கேட்டிருக்கு. நான் 108க்கு போன் பண்ணியிருக்கணும், அன்னிக்கே. பண்ணல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க கடைப் பையன் ஓடி வந்தான், "அக்கா, மாஸ்டர் ஃபுல் மப்புல இருக்காரு, என்னென்னமோ பண்றாரு"ன்னு. போய் பாத்தேன். லாரி ஆபீஸ் வாசல்ல உக்காந்திருந்தார், லுங்கி நனைஞ்சிருந்துச்சு, கண்ணு எங்கயோ. ரெண்டு கையும் காத்துல வேலை செஞ்சிட்டு இருந்துச்சு. மொதல்ல எனக்கு புரியல, அப்புறம் பாத்தா, வலது கையால எண்ணெய தொட்டு சிமெண்ட் படில தடவுறார், உருண்டைய தட்டுறார், விரல் நுனியால இழுத்து ரெண்டு பக்கமும் புடிச்சு தூக்கி வீசுறார், ஒரு வீச்சு, ரெண்டு வீச்சு, மடிக்கிறார், சுத்தறார், ஓரமா வெக்கிறார். அடுத்த உருண்டை. இல்லாத மாவு. நடுநடுவுல யாருக்கோ, "நாலு செட்டு பார்சல், சால்னா தனியா"ன்னு கொரல் குடுக்கிறார். சுத்தி நின்ன நாலு பேர் சிரிச்சிட்டு இருந்தாங்க. ஒருத்தர் சொன்னார், ஊரே காஞ்சு கெடக்கு, இவனுக்கு மட்டும் எங்க இருந்து சரக்கு கெடச்சுதோன்னு.

மூணு நாளா ஒரு சொட்டு குடிக்காத மனுஷன் அவர்.

ஆம்புலன்ஸ் வந்துச்சு, நல்லபடியா ஏத்திக்கிட்டாங்க, நான் என் வண்டில பின்னாடியே போனேன், மெடிக்கல் ஷாப் ஐடி கார்டு இருந்ததால தடுக்கல. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல. அங்க வாசல்லயே, "குடிகாரன், ஓரமா போடு"ன்னு ஒரு கொரல். ஸ்ட்ரெச்சர்ல ரெண்டு கையையும் பேண்டேஜ் துணியால கட்டி ஒன்றரை மணி நேரம் கெடந்தார், கட்டின கையோட விரல் மட்டும் இன்னும் மாவ இழுத்துட்டே இருந்துச்சு. மொதல்லயே சொல்லிடுறேன், அவங்க யாரையும் நான் குறை சொல்லல, அந்த வாரம் அவங்க பட்டது அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா "குடிச்சிருக்கான்"ங்கிற அந்த ஒரு வார்த்தை வந்துட்டா அதுக்கு மேல யாரும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க. வாயில வாடை வருதான்னு கூட மோந்து பாக்கல. கடைசில ஒரு சின்ன பொண்ணு, ஹவுஸ் சர்ஜன்னு நெனக்கிறேன், பக்கத்துல வந்தப்போ நான் கத்தினேன், மேடம், இவர் மூணு நாளா குடிக்கல, அதனாலதான் இப்படி இருக்கார்னு. அந்த பொண்ணு நின்னுச்சு. நாடி புடிச்சு பாத்துச்சு, கண்ண அசைக்க சொல்லி பாத்துச்சு, மத்தத நிறுத்திட்டு மொதல்ல தயமின் ஊசி போடுங்கன்னு சொல்லுச்சு, அப்புறம் லோரஸிபம். எனக்கு அங்கயே அழுக வந்துடுச்சு.

தயமின்னா வைட்டமின் பி1. இத கொஞ்சம் வெவரமா சொல்றேன், ஏன்னா இது தெரியாமதான் நெறைய பேர் வீணா போறாங்க. சோறு சரியா திங்காம குடியிலயே ஓடுற ஒடம்புல இந்த பி1 தீர்ந்து போயிடும். தீர்ந்தா மூளைல ஒரு பகுதி பட்டினில கெடக்கும். அப்ப நடை தள்ளாடும், கண்ணு சரியா நகராது, சிலருக்கு பேச்சு கொழறும், ஆள் கொழம்புவார். அப்படியே குடிச்சவன் மாதிரியே இருக்கும். அந்த நெலைல பி1 குடுக்காம வெறும் குளுக்கோஸ் ஏத்தினா மிச்சம் மீதி இருக்கிற பி1ஐயும் அது இழுத்துக்கும், இன்னும் மோசமாகும். ஊசிய அப்பவே போட்டா நெறைய பேர் மீண்டு வருவாங்க. லேட்டானா ஞாபக சக்தி போயிடும், கோர்ஸகாஃப்னு பேரு. இத்தனைக்கும் பி1 மாத்திரை எங்க கடைல விக்கிற மலிவான மாத்திரைல ஒன்னு.

மாஸ்டர் பொழச்சார். ஆஸ்பத்திரில இருந்து கார்ப்பரேஷன் தங்க வெச்ச எடத்துக்குப் போய், ஆகஸ்ட் மாசம் திரும்பி எங்க சந்துக்கு வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். "தாயி, நேத்துதான் ஊருக்குப் போயிட்டு வந்தேன், அம்மா கருவாட்டுக் கொழம்பு வெச்சுச்சு"ன்னார். அப்ப மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ்ஸே ஓடல. அவங்க அம்மா செத்து ஏழெட்டு வருஷம் இருக்கும், அத சொன்னதும் அவர்தான். சந்துல எல்லாரும் புளுகு மாஸ்டர்னு பேரு வெச்சுட்டாங்க. அவர் புளுகல. ஞாபகத்துல விழுந்த ஓட்டைய மூளை தன்னால எதையோ போட்டு அடைக்குது, சொல்றவருக்கு அது நெசம்தான், அந்த கொழம்போட ருசியக் கூட சொன்னார்.

சென்னைல மட்டும் டாஸ்மாக் அந்த ஆகஸ்ட் 18ஆம் தேதிதான் திறந்தாங்க. அன்னிக்கே குடிச்சார். எனக்கு அவ்ளோ கோவம். "அஞ்சு மாசமா விட்டிருந்தீங்களே அண்ணே"ன்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "நானா? எப்ப?"ன்னு கேட்டார். விட்டதே அவருக்கு ஞாபகம் இல்ல.

அதுக்கு அப்புறம் அவர எங்கயாச்சும் சேக்கணும்னு அலைஞ்சேன், அப்பதான் இந்த கதவுங்கள பாத்தேன். ஒரு தனியார் மறுவாழ்வு மையம், மாசம் இவ்ளோ பணம், குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்து போடணும். ஒரு காப்பகம், குடிக்கிறவங்களுக்கு எடம் இல்ல, மத்தவங்களுக்கு தொந்தரவு, அதுவும் நியாயம்தான். இன்னொரு எடத்துல இது மனநலக் கேஸ் இங்க இல்லன்னாங்க, மனநலத்துக்குப் போனா இது குடி கேஸ், மொதல்ல குடிய விட்டுட்டு வரட்டும்னாங்க. குடியையும் மனசையும் ரெண்டா வெட்டி ஆளுக்கு ஒரு கட்டடத்துல வெச்சிருக்கோம். அந்த ஆளு ஒரே ஆளு, ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல இருக்கிற பிளாட்ஃபாரத்துல படுத்திருக்கார்.

சட்டம் அப்படி வெட்டல, அதான் எனக்கு ஆத்தாமை. 2017 மனநல பராமரிப்புச் சட்டத்துல மனநோய்ன்னா என்னன்னு சொல்ற எடத்துலயே மது, போதைப்பொருளால வர்ற மனநிலைக் கோளாறையும் சேத்துத்தான் எழுதியிருக்கு. வீடு இல்லாதவங்களுக்கு, ஏழைன்னு காட்ட கார்டு இருந்தாலும் இல்லன்னாலும், மனநல சிகிச்சை இலவசம்னு இருக்கு. மேஜரான ஒருத்தர் தானாவே வந்து என்னை சேத்துக்கோங்கன்னு கேக்கலாம்னு இருக்கு. மனநோயோட தெருவுல திரியிறவங்கள போலீஸ் லாக்கப்புல வெக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து அரசு ஆஸ்பத்திரில கொண்டு போய் காட்டணும்னும் இருக்கு. குடும்பம் இல்ல, வீடு இல்லங்கிற ஒரே காரணத்துக்காக யாரையும் மனநல ஆஸ்பத்திரிக்குள்ளயே வெச்சிருக்கக் கூடாதுன்னு கூட இருக்கு. இந்த பேப்பர ஜெராக்ஸ் எடுத்து கவுன்டர்ல வெச்சிருக்கேன். ரெண்டு தடவை அது வேலை செஞ்சிருக்கு.

கணக்கு ஒன்னு சொல்றேன். 2019ல மத்திய அரசு வெளியிட்ட போதைப் பழக்க ஆய்வுல, குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கெடச்சிருக்கு. குடி பத்தின அந்த கணக்கு வீடு வீடா போய் எடுத்தது, 2 லட்சம் வீட்டுக்குப் போயிருக்காங்க. வீடு இருக்கிறவங்களுக்கே 38ல ஒன்னு. எங்க சந்துல எந்த கதவைத் தட்டி கேட்டிருப்பாங்க? 2011 சென்செஸ்ல வீடில்லாதவங்க இந்தியா முழுக்க 17 லட்சத்துக்கு மேல.

பொண்ணுங்க கதை தனி. எங்க ரோட்டுல ஒரு அம்மா இருந்தாங்க, குடிக்க மாட்டாங்க, வாயில எப்பவும் ஹான்ஸ் புகையிலை. ராத்திரி முழுக்க நடந்துட்டே இருப்பாங்க, பகல்ல வெயில்ல பஸ் ஸ்டாப்ல தூங்குவாங்க. குளிக்க மாட்டாங்க, தலைய சீவ விட மாட்டாங்க. சோப்பு குடுத்தப்போ திருப்பிக் குடுத்துட்டாங்க, நாறினாதான் எவனும் கிட்ட வர மாட்டான்மான்னு தெளிவா சொன்னாங்க. அதே அம்மா அடுத்த நிமிஷம் தன்னோட புள்ளைங்க டிவிக்குள்ள இருக்காங்கன்னு சொல்வாங்க. எது வியாதி, எது ரோட்ல உசுரோட இருக்க கத்துக்கிட்ட புத்தின்னு பிரிக்கவே முடியல எனக்கு.

அந்த மாதிரி ஒரு பெண்ண ரோட்ல பாத்துட்டு, எந்த எடத்துலயும் சேக்க முடியாம, சரி நாமளே ஒரு எடம் வெப்போம்னு 1993ல இதே சென்னைல வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் ஆரம்பிச்சதுதான் தி பேன்யன்ங்கிற அமைப்பு. அவங்க அப்புறம் செஞ்ச ஒன்னு எனக்கு ரொம்ப பிடிக்கும், ஹோம் அகெய்ன்னு பேரு. வருஷக்கணக்கா ஆஸ்பத்திரியே வீடுன்னு இருந்தவங்கள நாலஞ்சு பேரா சேத்து, சாதாரண தெருவுல சாதாரண வாடகை வீட்ல குடி வெக்கிறது. கூட ஒதவிக்கு ஒரு ஆள். அவங்களே மார்க்கெட் போறாங்க, அவங்களே சமைக்கிறாங்க, அவங்களுக்குள்ள சண்டை போட்டுக்கிறாங்க. குணமாகி வா, வீடு தர்றேன்னு சொல்லாம, வீட்ட மொதல்ல குடுக்கிறது. 2018ல இருந்து தமிழ்நாடு அரசும் சில மாவட்டங்கள்ல தெருவுல இருக்கிற மனநோயாளிகளுக்குன்னே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் ஆரம்பிச்சிருக்கு. 1794ல தொடங்கின, இன்னிக்கும் யாரையாச்சும் திட்டணும்னா கீழ்ப்பாக்கம்னு சொல்றோமே, அந்த கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிய தாண்டி யோசிக்க 200 வருஷத்துக்கு மேல ஆயிருக்கு. ஆனா குடியும் மனசும் சேந்து கெட்டுப்போன ஆம்பளைக்கு, அதுவும் நடுவுல நடுவுல திரும்ப குடிச்சுடுற ஆம்பளைக்கு, வாடகை வீடு குடுக்க யாருக்கு மனசு வரும்? அவங்களுக்கும் மொதல்ல ஒரு கூரைதான வேணும். தூக்கத்துக்குத்தான குடிச்சார்.

மாஸ்டர் இப்ப ஒரு கார்ப்பரேஷன் காப்பகத்துல படுக்கிறார். அங்க காப்பாளரா இருக்கிற அண்ணன் ஒரு நல்ல மனுஷன், ஒன்பது மணிக்குள்ள வந்துடணும், வாடை அடிச்சாலும் வெளில தள்ள மாட்டேன், ஆனா சத்தம் போடக்கூடாதுன்னு ஒரு கணக்கு வெச்சிருக்கார். சில நாள் மாஸ்டர் போறது இல்ல, எங்க படியிலயே கெடப்பார். எட்டு மாசமா அந்த மாதிரி நாள் கொறஞ்சிருக்கு. கட்டில், கூரை, பக்கத்துல தெரிஞ்ச மொகம், அதுக்கு மேல நாங்க ஒன்னும் பண்ணல.

போன மாசம் பக்கத்து தெரு தள்ளுவண்டிக்காரர், என் கடை பரோட்டா மாஸ்டர் இன்னிக்கு வரல, வேற யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டு வந்தார். நம்ம மாஸ்டர கூட்டிட்டுப் போனோம். காலைல என்ன சாப்பிட்டோம்னு தெரியாத மனுஷன், என் பேரு இன்னிக்கும் தெரியாது அவருக்கு, கல்லு முன்னாடி நின்னு எண்ணெய தொட்டதும் கை தானா போகுது. தட்டினார், இழுத்தார், வீசினார். அன்னிக்கு ஸ்ட்ரெச்சர்ல பாத்த அதே விரல், இந்த தடவை அதுல மாவு இருந்துச்சு. மொதல் ரெண்டு கிழிஞ்சுது. மூணாவது கிழியல. வண்டிக்காரர் முப்பது பரோட்டா போட்டதும் போதும்னு சொல்லி காசு குடுத்தார், அந்த காச மாஸ்டர் என்கிட்ட குடுத்து வெக்க சொன்னார், கையில இருந்தா எங்க போகும்னு அது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்கு.

தெனமும் ராத்திரி காப்பகம் போறதுக்கு முன்னாடி கவுன்டருக்கு வருவார். ஒரு பி1 மாத்திரை, கீழ்ப்பாக்கத்துல எழுதிக் குடுத்த இன்னொரு மாத்திரை, ரெண்டையும் கவர்ல போட்டு மேல கிழமைய எழுதித் தருவேன், ஏன்னா "இன்னிக்கு என்ன கிழமை தாயி"ன்னு மூணு தடவையாச்சும் கேப்பார். அவரோட ஆதார் அட்டை எப்பவோ பையோட போயிடுச்சு, அது இல்லாம ஒரு மனுவும் எழுத முடியல. வர்ற புதன்கிழமை எனக்கு லீவு, அவர கூட்டிட்டு ஆதார் சென்டருக்கு போறேன். கவர்ல அதையும் எழுதி வெச்சிருக்கேன், புதன், காலைல ஒன்பதரை, மெடிக்கல் வாசல்ல நிக்கவும்னு.